மூலைக்குப் போன ராணி

செஸ் பலகையில் ராணியைக் கொண்டுபோய் வைக்கக்கூடாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது மூலை. காலிப் பலகையின் நடுவில் நிற்கும் ராணி 27 கட்டங்களை அதட்டுவாள். மூலைக்குப் போனால் 21-ஆகச் சுருங்கிவிடுவாள். அதுவும் எதிரி ராஜா கோட்டையை விட்டு வெளியே வந்து நடுத்தெருவில் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில், செக் வைத்துக்கொண்டிருந்த ராணியைத் திருப்பியழைத்து, தன் ராஜாவுக்குப் பக்கத்து மூலையில், ஹெச்1-ல், உட்காரவைப்பதா? கல்யாண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது தலைமைச் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் போய்ச் சாய்ந்துகொள்வது போல இருந்தது எனக்கு. கிளப்பில் யாராவது இப்படி ஆடியிருந்தால், “கை தவறிடுச்சா சார்?” என்று கேட்டிருப்பேன்.

ஆடியது ஆல்ஃபாஜீரோ. லண்டன் டீப்மைண்ட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு. எதிரே இருந்தது ஸ்டாக்ஃபிஷ், அன்றைக்கு உலகின் தலைசிறந்த செஸ் இன்ஜின்களில் ஒன்று. இரண்டும் மோதிய ஆட்டங்களில் பத்து மட்டும் 2017 டிசம்பரில் வெளியே வந்தன. சாப்பாட்டை மறந்து அவற்றை லேப்டாப்பில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்த அந்த ராத்திரியிலிருந்து நான் பழைய ஆள் இல்லை.

இந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குயின்ஸ் இண்டியன் திறப்பு. வெள்ளை ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைத் தாரை வார்க்கிறது. இருபது நகர்த்தல்கூட ஆகவில்லை, அதற்குள் கறுப்பு ராஜாவின் வாயருகே, ஹெச்6-ல், வெள்ளைக் குதிரை மாட்டிக்கொண்டு நிற்கிறது. நாமாக இருந்தால் பதறி அதைக் காப்பாற்றப் பார்ப்போம். முடியாது என்று தெரிந்தால் செக் வைத்துக் கொஞ்சம் கலவரமாவது பண்ணுவோம். ஆல்ஃபாஜீரோவோ, குதிரை போனால் போகட்டும் என்று யானையை சாவகாசமாக ஈ-வரிசைக்கு நகர்த்துகிறது. கறுப்பு ராஜா தானே வந்து குதிரையைச் சாப்பிடுகிறார். ஒரு குதிரை நஷ்டம். செக்மேட் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போதும் அவசரமே இல்லை. ஹெச்-சிப்பாயைத் தள்ளுகிறது, பிஷப்பை எடுத்துவைக்கிறது, இன்னொரு யானையை வரிசைக்குக் கொண்டுவருகிறது. அப்புறம்தான் அந்த ராணி நகர்த்தல். ஏன் மூலை என்பது அடுத்த அடியில் புரிந்தது. முன்னால் நின்ற பிஷப் நடுவுக்கு ஏற, பின்னாலிருந்து ராணி அந்த நீண்ட மூலைவிட்டத்தையும் ஹெச்-வரிசையையும் ஒருசேரக் கையில் எடுத்துக்கொண்டாள். பலகையின் இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஒரே கட்டம் அந்த மூலைதான். இத்தனை வருஷம் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அந்த மூலையை அப்படி நான் பார்த்ததே கிடையாது. எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இயந்திரம் மனித மனதுக்கு ஈடாகுமா என்று பட்டிமன்றம் வைத்துக் கேட்கிறார்கள். 64 கட்டங்களுக்குள் அந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் வந்துவிட்டது. இப்போது உலக சாம்பியனே ஒரு சாதாரண போனில் ஓடும் இலவச இன்ஜினிடம் தோற்பார். அதைப் போட்டியாக வைத்துப் பார்க்கக்கூட யாருக்கும் ஆர்வமில்லை. என்னைப் பித்தாக அடித்தது ஜெயித்த செய்தி அல்ல. ஜெயித்த விதம்!

அதைப் புரிந்துகொள்ள 1950-க்குப் போகவேண்டும். தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானன், கம்ப்யூட்டருக்கு செஸ் ஆடக் கற்றுத்தருவது எப்படி என்று அந்த வருஷம் ஒரு கட்டுரை வெளியிட்டார். வழி இரண்டு என்றார். ஒன்று, கண்ணில் படும் எல்லா நகர்த்தல்களையும் விடாமல் குறிப்பிட்ட ஆழம்வரை அலசித் தீர்ப்பது. இரண்டாவது, பெரும்பாலானவற்றைப் பார்க்காமலே தள்ளிவிட்டு, தேறும் என்று தோன்றும் சிலவற்றை மட்டும் ஆழமாகப் பார்ப்பது. மனிதன் ஆடுகிற மாதிரி. ஷானனுக்கு இரண்டாவது வழிமேல்தான் பிரியம். ஆனால் 'தேறும் என்று தோன்றுவது' என்கிறோமே, அந்தத் தோன்றுதலை இயந்திரத்துக்கு எப்படி ஊட்டுவது? யாருக்கும் தெரியவில்லை. அதனால் போகப்போக முதல் வழியே கொடிகட்டிப் பறந்தது.

அந்த வழியின் உச்சம் டீப் புளூ. 1996-ல் பிலடெல்பியாவில் உலக சாம்பியன் காஸ்பரோவிடம் 4–2 என்று தோற்ற ஐபிஎம் இயந்திரம், 1997 மே மாதம் நியூயார்க்கில் 3½–2½ என்று பழிதீர்த்துக்கொண்டது. வினாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. மனித மூளையின் வீழ்ச்சி என்று உலகப் பத்திரிகைகள் ஒப்பாரி வைத்தன. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த இயந்திரத்தின்மேல் மரியாதை உண்டு, காதல் கிடையாது. அது பலசாலி, அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தை மறக்க முடியாது. சிப்பாய்களைக் கொத்திக்கொண்டு போக வாய்ப்பிருந்தும் டீப் புளூ ஆசைப்படாமல், எதிரிக்கு இருந்த கொஞ்ச மூச்சையும் அடைக்கிற மாதிரி ஓர் அமைதியான நகர்த்தலை ஆடியது. காஸ்பரோவ் ஆடிப்போய்விட்டார். இதை இயந்திரம் ஆடியிருக்காது, உள்ளே ஒரு மனிதக் கை இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, பதிவுகளைக் கொடுங்கள் என்று கேட்டார். கவனியுங்கள்: இயந்திரம் வேகமாக அடித்தபோது அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஆசையை அடக்கிக்கொண்டபோதுதான் 'இது மனிதன்' என்று தோன்றியது. அந்த ஆட்டத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போனாரே, அந்த நிலையை டிரா ஆக்கியிருக்கலாம் என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். பாவம்!

நம் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஆட்ரியான் டி குரூட் என்ற டச்சு உளவியலாளர், தானும் நல்ல ஆட்டக்காரர், பெரிய மாஸ்டர்களையும் சுமாரான ஆட்டக்காரர்களையும் உட்காரவைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். 1946-ல் ஆய்வேடாக வந்தது. மாஸ்டர் நிறைய யோசிப்பார், வெகுதூரம் கணக்குப் போடுவார் என்றுதானே நாம் நினைப்போம்? அப்படி இல்லை. இரண்டு தரப்பும் பார்த்த தூரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மாஸ்டரின் கண் முதலிலேயே சரியான நகர்த்தலில் போய் விழுகிறது. மோசமானவை அவர் மனதில் எட்டிப் பார்ப்பதே இல்லை. பிறகு 1973-ல் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் பலகையைச் சில வினாடிகள் காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். நிஜ ஆட்டத்தின் நிலை என்றால் மாஸ்டர் அசத்தினார். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால் அந்த மேலாதிக்கம் ஏறக்குறைய காணாமல் போனது. ஞாபகசக்தி அல்ல விஷயம், பழகிய கண்.

இப்போது ஆல்ஃபாஜீரோவின் கணக்கைப் பாருங்கள். ஸ்டாக்ஃபிஷ் வினாடிக்கு 7 கோடி நிலைகளைப் புரட்டியது. ஆல்ஃபாஜீரோ பார்த்தது 80 ஆயிரம். ஏறத்தாழ 900-ல் ஒரு பங்கு! அதைப் பார்த்துவிட்டு 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. அடேங்கப்பா! ஷானன் ஆசைப்பட்ட அந்த இரண்டாவது வழி, 67 வருஷம் கழித்துப் பலகையில் வந்து உட்கார்ந்துவிட்டது. குறைவாகப் பார், சரியான இடத்தில் பார். டி குரூட்டின் மாஸ்டர் செய்ததும் இதுதானே? இயந்திரம் மனதுக்கு அருகில் வந்தது வேகம் கூடியபோது அல்ல, பார்வையைச் சுருக்கிக்கொண்டபோது. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து பார்க்கிறவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸில் சிலர் என்னைக் கண்டால் கேன்டீன் பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தப் பார்வையை அதற்கு யாரும் ஊட்டவில்லை என்பதுதான் இன்னும் அதிசயம். விதிகளை மட்டும் சொன்னார்கள். யானைக்கு ஐந்து மதிப்பு, குதிரைக்கு மூன்று என்று நாம் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறோமே, அதுகூடக் கிடையாது. காஸ்பரோவ், கார்போவ், ஆனந்த் ஆடிய ஆட்டம் ஒன்றையும் காட்டவில்லை. தன்னோடு தானே ஆடிக்கொண்டது. முதலில் கண்டபடி, பிறகு கொஞ்சம் நிதானமாக. ஒன்பது மணி நேரப் பயிற்சி, 4 கோடியே 40 லட்சம் ஆட்டங்கள். நான்காவது மணியிலேயே ஸ்டாக்ஃபிஷைத் தாண்டிவிட்டது. வழியில் நம் திறப்புகளையெல்லாம் தானே கண்டுபிடித்துப் பரிசீலித்தது. கரோ-கான் தடுப்பைக் கொஞ்ச காலம் விரும்பி ஆடிவிட்டு, வேண்டாம் என்று கைவிட்டிருக்கிறது. கொஞ்ச காலம் என்றால் சில மணி நேரம்! அந்தத் தடுப்புக்கே ஆயுளை எழுதிவைத்த பெரியவர் ஒருவர் எங்கள் கிளப்பில் இருக்கிறார். அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த முதல் போட்டியில் ஸ்டாக்ஃபிஷுக்குத் திறப்புப் புத்தகம் கொடுக்கவில்லை, நகர்த்தலுக்கு ஒரு நிமிஷம் என்று கட்டிவைத்தார்கள், நினைவகமும் போதவில்லை என்று விமர்சனம் எழுந்தது, சரியான விமர்சனம்தான். ஒரு வருஷம் கழித்து 'சயின்ஸ்' இதழில் வந்த விரிவான கட்டுரையில் போட்டி 1,000 ஆட்டங்கள்: 155 வெற்றி, 6 தோல்வி, மற்றவை டிரா. அதற்கப்புறம் முணுமுணுப்பு குறைந்தது. எனக்கு எண்ணிக்கையைப் பற்றி எப்போதுமே கவலை இருந்ததில்லை. ஆட்டத்தைப் பாருங்கய்யா என்பேன்.

அதே பத்தில் இன்னொரு ஆட்டம். அதுவும் குயின்ஸ் இண்டியன்தான். அங்கேயும் மூலையில் ஒரு ராணி. இந்தத் தடவை எதிரியின் ராணி. வெள்ளையின் ஹெச்-சிப்பாய் ஊர்ந்து ஊர்ந்து ஹெச்6-க்கு வந்து நின்றுகொள்கிறது. வழியில் கிடைத்த சிப்பாயைச் சாப்பிட்ட கறுப்பு ராணி பின்வாங்கி ஹெச்8-க்குப் போகிறாள். உடனே ஆல்ஃபாஜீரோ யானையைக் கொடுத்துக் குதிரையை வாங்குகிறது. ராணியையும் இன்னொரு யானையையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறது. இப்போது கறுப்பு ராணிக்கு இடப்பக்கம் சொந்த ராஜா, முன்னால் சொந்தச் சிப்பாய். மிச்சமிருக்கும் ஒரே கதவு ஜி7. அங்கே காலை வைத்தால் ஹெச்6 சிப்பாய் கடித்துவிடும். பலகையிலேயே பலமான காய் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஆட்டத்தில் இல்லை. காய்களைக் கூட்டிப் பார்த்தால் கறுப்புக்குத்தான் லாபம், யானைக்கு பிஷப் வித்தியாசம், மேலே இரண்டு சிப்பாய். ஆனால் யானைகள் ராஜாவின் காவலை விட்டு நகர முடியாது. ராணி நகர முடியாது. மிச்சமிருந்த சிப்பாய்களைத் தள்ளிக் கறுப்பு நேரம் கடத்துகிறது. சிப்பாய் நகர்த்தல்களும் தீர்ந்தன. எதைத் தொட்டாலும் நஷ்டம். செஸ்காரர்கள் சுக்ஸ்வாங் என்பார்கள். கடைசியில் அந்த ராணியை ஒரு யானைக்கு விற்றுவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது.

இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, 'இயந்திரத்துக்குக் கற்பனை கிடையாது' என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். பழைய உலக சாம்பியன் மிகைல் தால் இப்படி ஒரு ஆட்டம் ஆடியிருந்தால் கற்பனையின் சிகரம் என்று புத்தகம் போட்டிருப்போம். ஆடியவர் யார் என்று பார்த்துப் பாராட்டுவது என்ன ரசனை?

ஆல்ஃபாஜீரோவை டீப்மைண்ட் வெளியே விடவில்லை. அதற்காக நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோமா? அதே வழியில் 2018-ல் லீலா செஸ் ஜீரோ பிறந்தது. உலகம் முழுக்க ஆர்வலர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டுகளை இரவல் கொடுத்து, அதைத் தன்னோடு தானே ஆடவிட்டு வளர்த்தார்கள். இலவசம். என் பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றிய அன்று, ஃபேன் சத்தம் மாவு மில்லை மிஞ்சியது. “நடுராத்திரியில அந்தப் பொட்டிகூட என்னங்க வம்பு?” என்றாள் மனைவி. நான் எழுபதுகளில் வந்த பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டு, லீலா என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஓர் இடத்தில் நாமெல்லாம் பிஷப்பை வெட்டுவோம். அது ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கிவைத்தது. அவ்வளவுதான். பதினைந்து நகர்த்தல் தள்ளி அந்த ஒரு கட்டம்தான் ஆட்டத்தையே தீர்மானித்தது. அழுத்தமில்லை, ஆர்ப்பாட்டமில்லை. சபாஷ் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லிக்கொள்ள ஆள்தான் இல்லை.

ஸ்டாக்ஃபிஷ் மட்டும் சும்மா இருந்ததா? 2020 செப்டம்பரில் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் தனக்கும் ஒரு நியூரல் வலைப்பின்னலைச் சேர்த்துக்கொண்டது. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யூ நாசு உருவாக்கிய உத்தி அது. பழைய வேகமும் புதிய பார்வையும் ஒன்றாகக் கலந்ததும் அசுரனாகிவிட்டது. இப்போது முதலிடம் அதற்குத்தான்.

மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்து மண்டபம் ஒன்றில் வார இறுதிப் போட்டி. என் எதிரே வந்து உட்கார்ந்தது நாலாம் வகுப்புப் பையன். மேஜைக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. பத்து நகர்த்தல் ஆவதற்குள் ஹெச்-சிப்பாயைத் தள்ளிக்கொண்டே வந்தான். என் ஜி-சிப்பாய்ப் பக்கம் தொளதொளத்துப் போயிற்று. ஆட்டம் முடிந்ததும் கேட்டேன்.

“ஏம்ப்பா, கேஸ்லிங்கே பண்ணல, அதுக்குள்ள ஓரச் சிப்பாயைத் தள்ளிட்டே வர்றியே?”

“லீலா அப்படித்தான் அங்கிள் ஆடும். நீங்க பாத்ததில்லையா?”

“எங்க காலத்துல கோச்கிட்ட இதுக்குக் குட்டு விழும்டா.”

“உங்க கோச் ரேட்டிங் எவ்ளோ அங்கிள்?”

பக்கத்தில் நின்ற அவன் அம்மா, “டேய், பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது” என்று அதட்டினார். நான் சிரித்துக்கொண்டே, “விடுங்கம்மா, அவன் கேட்டது நியாயம்தான்” என்றேன். மாக்னஸ் கார்ல்சனே 2019-ல் போட்டிக்குப் போட்டி ஜெயித்துக்கொண்டிருந்தபோது, ஆல்ஃபாஜீரோவின் ஆட்டங்கள் தன் பாணியில் ஏற்படுத்திய தாக்கத்தை வெளிப்படையாகவே சொன்னார். அன்றைய உலக சாம்பியனும் நாலாம் வகுப்புப் பையனும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள்!

திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடி பக்கம் திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. சதுரங்கத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத ராஜகுமாரியை சிவபெருமானே வந்து ஆடி ஜெயித்தார் என்பது தலபுராணம். போய்வந்தபோது நினைத்துக்கொண்டேன், மனிதரை மிஞ்சிய ஆட்டக்காரர் வந்து உட்காருவது நம் ஊருக்குப் புதிதில்லை.

மறுதரப்புக்கும் நான் காது கொடுத்திருக்கிறேன். ரோஜர் பென்ரோஸ் சாதாரண ஆள் இல்லை. மனம் வெறும் கணக்கீடு அல்ல, எந்தக் கம்ப்யூட்டரும் அதற்கு ஈடாகாது என்று 1989-லிருந்து எழுதிவருகிற மேதை. 2020-ல் நோபல் பரிசு வாங்கியவர். 2017 மார்ச்சில் அவர் பெயரிலான நிறுவனம் ஒரு செஸ் புதிரை வெளியிட்டது. கறுப்புக்கு ராணி, யானைகள், போதாக்குறைக்கு ஒரே நிறக் கட்டத்தில் மூன்று பிஷப்கள். வெள்ளைக்கு ராஜாவும் சில சிப்பாய்களும்தான். அன்றைய இன்ஜின்கள் கறுப்பு ஜெயிக்கும் என்று அடித்துச் சொல்லின. மனிதனோ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரிப்பான்: பெரிய காய்களெல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன, மூன்று பிஷப்பும் கறுப்புக் கட்டத்திலேயே சுற்றும், வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களில் உலாத்திக்கொண்டிருந்தால் ஆட்டம் டிரா. அழகான புதிர். நானும் இன்ஜினில் போட்டுப் பார்த்து, அதன் மதிப்பீட்டு எண் வெற்றி வெற்றி என்று கத்துவதைக் கண்டு ரசித்தேன். ஆனால் இதனால் பென்ரோஸ் கட்சி நிரூபணமாகிவிட்டது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணக்கை மட்டும் நம்பும் முதல் வழியின் பலவீனம்தான் அதில் தெரிகிறது. புதிர் வந்து ஒன்பதே மாதத்தில் ஹெச்1-க்குப் போன ராணியைப் பார்த்தோம்.

எல்லா இயந்திரத்தையும் இப்படித் தலையில் வைத்து ஆடுகிறவன் இல்லை நான். கேட்ட கேள்விக்கெல்லாம் சரளமாக பதில் சொல்லும் உரையாடல் இயந்திரம் ஒன்றோடு ஒருநாள் செஸ் ஆடினேன். பத்து நகர்த்தல்வரை புத்தகம் மாதிரி ஆடிற்று. பிறகு, நான் ஏற்கெனவே வெட்டிவிட்ட யானையை எடுத்து எனக்கு செக் வைத்தது! இல்லாத யானை என்றேன். மன்னிப்புக் கேட்டது, மிகப் பணிவாக. கேட்டுவிட்டு சிப்பாயைப் பின்னால் நகர்த்தியது. செஸ்ஸைப் பற்றிப் பேசுவது ஒன்று, பலகையைப் பார்ப்பது வேறொன்று. செயற்கை நுண்ணறிவு என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் கட்டித் தூக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நம்மூர் குகேஷ் விஷயத்துக்கு வருகிறேன், அவரை விட்டுவிட்டு இதை எழுதினால் சென்னைக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2500 ரேட்டிங்கைத் தொடும்வரை பையனை இன்ஜின் பக்கமே விடவில்லை. ஊரே லீலா என்றும் ஸ்டாக்ஃபிஷ் என்றும் ஓடும்போது, நீயே யோசி என்று உட்காரவைத்தார். 2013-ல் சென்னையில் நடந்த ஆனந்த்–கார்ல்சன் போட்டியைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்த ஏழு வயதுச் சிறுவன், 18 வயதில் உலக சாம்பியன். பதினோரு வருஷம். ஆல்ஃபாஜீரோ ஆடிய ஆட்டங்களை ஒரு மனிதன் தினம் பத்து வீதம் ஆடுவதென்றால் 12,000 வருஷம் வேண்டும். அதற்கு 5,000 சிறப்புச் சில்லுகள் தேவைப்பட்டன. மனித மூளைக்கு ஏறக்குறைய 20 வாட் போதும். ஈடு என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் இந்தப் பத்தியில் நான் மனிதன் பக்கம் கைதூக்குகிறேன். இவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு கற்கிற இயந்திரம் இன்னும் வரவில்லை.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம். மாலை நேரம், போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரா என்று எல்லோரும் எழுதிவைத்துவிட்ட நிலை. 55-வது நகர்த்தலில் குகேஷின் எதிராளி டிங் லிரென் யானையை எஃப்2-க்கு வைத்தார். அந்த வினாடியே என் போனில் இன்ஜினின் மதிப்பீட்டுப் பட்டை ஒரே சாய்வாகக் கறுப்புப் பக்கம், அதாவது குகேஷ் பக்கம், சரிந்தது. வர்ணனையாளர்கள் அலறினார்கள். உலகத்தில் போன் வைத்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும், பலகை முன்னால் இருந்த இருவரைத் தவிர! குகேஷ் அடுத்த நகர்த்தலை யோசிக்க ஆரம்பிக்கிறார். கண் பலகையில் இருக்கிறது. சட்டென்று உடம்பு நிமிர்கிறது. யானையை யானை வெட்டினால், அப்புறம் பிஷப்பை எதிரே வைத்து அதையும் மாற்றினால், மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் கைக்குள். அதை அவர் கண்டுபிடித்த அந்த முகத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்தது இன்ஜின் சொல்லி. அவருக்குத் தெரிந்தது அவரே பார்த்து. உள்ளூர எனக்குப் பொறாமைகூட வந்தது.

இயந்திரம் தனக்குத் தெரிந்ததை நமக்குச் சொல்லித்தருமா? இதையும் செய்து பார்த்துவிட்டார்கள். ஆல்ஃபாஜீரோவின் வலைப்பின்னலுக்குள் புகுந்து, மனித ஆட்டங்களில் காணப்படாத சில கருத்துகளை டீப்மைண்ட் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அவற்றைப் புதிர் நிலைகளாக்கி நான்கு பெரிய கிராண்ட்மாஸ்டர்களிடம் கொடுத்தார்கள். இயந்திரத்தின் விடைகளைப் பார்த்துப் பழகிய பிறகு நால்வரும் அதே வகைப் புதிர்களை முன்பைவிட நன்றாகப் போட்டார்கள். 2023-ல் வந்த அந்த ஆய்வைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த மனிதனும் யோசிக்காத ஒன்று, சொற்கள் இல்லாமலேயே, பலகை வழியாக ஒரு மனித மண்டைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது! குரு–சிஷ்ய உறவு என்று நாம் பேசுவதில் இதைவிட என்ன இருக்கிறது?

இத்தனையும் படித்துவிட்டு சும்மா எழுந்து போகாதீர்கள். லிசெஸ் தளத்துக்குப் போங்கள், இலவசம். லீலாவின் சில வடிவங்கள் அங்கே காயை விட்டுக்கொடுத்து ஆடுகின்றன. ஒன்று குதிரை இல்லாமல் ஆடும். இன்னொன்று ராணியே இல்லாமல் ஆடும். எதிரே இருப்பவன் தவறக்கூடியவன் என்று தெரிந்துகொண்டு ஆடப் பழகியவை இவை. காய்களை மாற்றிக்கொள்ளாது, பலகையைச் சிக்கலாக்கிக்கொண்டே போகும், நம் கண் எங்கே போகாதோ அங்கே வலை விரிக்கும். குதிரை இல்லாத லீலாவிடம் வேகச் செஸ்ஸில் கிராண்ட்மாஸ்டர்களே தோற்றிருக்கிறார்கள். நான் ராணி இல்லாத லீலாவோடு ஆடுகிறேன். முப்பதாவது நகர்த்தலில் என் ராணி இன்னும் பலகையில் ஜம்மென்று நிற்பாள், என் ராஜாவுக்குத்தான் போக இடம் இருக்காது. அத்தனை ஆனந்தம்! கடிகாரத்தில் மூன்று நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள், மேலே இரண்டு வினாடி போனஸ். மறுநாள் ஆபீஸ் இருந்தால் மட்டும் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள்.